சோழி, கரித்துண்டு, காலிச் சுரைக்குடுக்கை: யொரூபாக்களின் ஆரோக்கோ பற்றி

பதிவு 1 · கரிசல்மண்

வணக்கம் நண்பர்களே. தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் பொருள்களைக் கட்டி அனுப்பிச் சேதி சொல்லும் வழக்கம் இருந்தது. அதற்கு ஆரோக்கோ என்று பெயர். கொஞ்ச காலமாக இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பேச ஆள் வேண்டும் போல இருக்கிறது, அதனால் இந்த இழை.

முதலில் என்னை உலுக்கிய சேதியைச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அபெயோகுட்டா என்ற யொரூபா நகரத்துக்கும் மேற்கே இருந்த டஹோமே அரசுக்கும் கடும் பகை. 1851-ல் டஹோமே படை, அதன் புகழ்பெற்ற பெண் வீரர்களோடு வந்து, அபெயோகுட்டா மதிலடியில் தோற்றுத் திரும்பியது. அந்தக் காலத்தில் டஹோமேயிடம் பிடிபட்டு அடைபட்டுக் கிடந்த ஒருவர், ஊரில் இருந்த தன் மனைவிக்கு ஐந்து பொருள்களை அனுப்பினார். ஒரு கல், ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய், வறுத்த மக்காச்சோளம், ஒரு கந்தல் துணி.

கல் மாதிரி உடம்பு உறுதியாக இருக்கிறது. கரி மாதிரி இனி வரப்போகும் நாள் இருண்டு கிடக்கிறது. மிளகாய் மாதிரி மனசு எரிகிறது. வறுபட்ட சோளம் மாதிரி வற்றிப்போனேன். உடுத்தியிருப்பது கந்தல்.

இதுதான் அந்தக் கடிதம். கல்லை முதலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். "உயிரோடுதான் இருக்கிறேன், பயப்படாதே" என்று தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் துன்பத்தைச் சொல்கிறார். எத்தனையோ கைதிகளின் கடிதங்கள் இதே வரிசையில்தான் போகும்.

இதைப் பதிவுசெய்தவர் கோல்மர் என்ற மிஷனரி. 1845-ல் படாக்ரி கடற்கரையில் வந்து இறங்கியவர். இப்படிப்பட்ட சேதிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1885-ல் லண்டனில் இருந்த மானுடவியல் நிறுவனத்தின் இதழில் வந்தது. சோழிச் சேதிகளும் அதில் இருக்கின்றன. இரண்டு சோழியை முகத்தோடு முகம் வைத்துக் கட்டினால் உறவு, சந்திப்பு. முதுகோடு முதுகு வைத்துக் கட்டினால் பிரிவு, பகை. முகம் பார்த்த சோழிகளோடு ஓர் இறகும் சேர்ந்தால் சீக்கிரம் சந்திக்க வேண்டும் என்று அர்த்தம். ஒற்றைச் சோழி வந்தால் நல்ல சேதி இல்லை.

எழுத்தின் வரலாறு பேசும் புத்தகங்கள் பலவும் இதை "எழுத்துக்கு முந்தைய படி" என்று ஒரு பத்தியில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. வாயால் சொல்லி அனுப்ப ஆள் இருந்த ஊரில், பொருளைக் கட்டி அனுப்ப ஏன் தோன்றியது? அதைப் பற்றிப் பேசலாமா?

பதிவு 2 · நெய்தலவன்

அருமையான தொடக்கம். ஒரு சந்தேகம். கொண்டுபோகிற ஆளுக்கு அர்த்தம் தெரியுமா? தெரியும் என்றால் அவரே வாயால் சொல்லிவிடலாமே?

பதிவு 3 · கரிசல்மண்

இரண்டு விதமும் உண்டு, நெய்தலவன். சில சமயம் ஆளே விளக்கமும் சொல்வார், பொருள் அதற்குச் சாட்சி. சில சமயம் ஆளுக்கு ஒன்றுமே சொல்லப்படாது. கட்டி மூடிய பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது மட்டும்தான் அவர் வேலை. வழியில் யாராவது பிடித்து மிரட்டினாலும் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இருக்காது. போர் மூண்டு வழிகள் அடைபட்டுக் கிடந்த அந்த நூற்றாண்டில் இதற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அரண்மனைத் தூதர்கள் கதை வேறு. ஓயோ பேரரசின் அரசருக்கு அலாஃபின் என்று பட்டம். அவருடைய தூதர்கள் இலாரி. தலையில் ஒரு பாதியை மழித்து, மறுபாதியில் முடி விட்டிருப்பார்கள். தூரத்தில் வரும்போதே அரசனின் ஆள் என்று தெரிந்துவிடும். அவர்களுக்கு அரசர் வைக்கும் பெயரே ஒரு கட்டளையாக இருக்கும். ஒரு இலாரியின் பெயர் மாடாரிகான், 'அவரை எதிர்க்காதே' என்று பொருள். அந்த ஆள் வாசலில் வந்து நின்று பெயரைச் சொன்னாலே அரசர் நினைப்பது புரிந்துவிடும்.

பதிவு 4 · வெயில்நகரம்

நான் வேலை நிமித்தம் லாகோஸில் இருக்கிறேன். ஆரோக்கோவை யாரும் இப்போது தபாலாகப் பயன்படுத்துவதில்லை. வாட்ஸ்அப் இல்லாத ஆள் இல்லை. ஆனால் பொருள் பேசுகிற பழக்கம் எங்கும் போய்விடவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் வந்தேன்.

இபடான் பக்கம் ஊர்ப்புறங்களில் போகும்போது வேலியே இல்லாத தோட்டங்களைப் பார்ப்பேன். அடுக்கி வைத்த விறகு, காய்த்த மரம், விளைந்த சோளம், காவலுக்கு ஆள் கிடையாது. ஒரு குச்சியிலோ கிளையிலோ ஏதாவது கட்டித் தொங்கும். பிய்ந்த செருப்பு, சிவப்புத் துணிக் கிழிசல், தேய்ந்த துடைப்பம், உதிர்த்து முடித்த சோளக் கதிரின் சக்கை, வெற்று நத்தை ஓடு. இதற்கு ஆலே என்று பெயர். "இது ஒருவருக்குச் சொந்தம், தொடாதே" என்பது மேலோட்டமான அர்த்தம். உள்ளே ஒரு சாபமும் இருக்கிறது. எடுத்தால் நீ இந்தச் செருப்பு மாதிரி தேய்ந்துபோவாய், இந்தச் சக்கை மாதிரி ஒன்றுமில்லாமல் போவாய் என்று திருட வருகிறவனுக்கு அவன் நாளைய நிலையைக் காட்டி வைக்கிறார்கள். தொங்குவதெல்லாம் யாருக்கும் உதவாத பொருளாக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று அங்கே எனக்கு விளக்கினார்கள். எனக்கு அது முழுக்கச் சரி என்றே படுகிறது.

அடுத்தது மாரிவோ. எண்ணெய்ப் பனையின் விரியாத இளங்குருத்து ஓலை. கிழித்துத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தால் அதற்கு அப்பால் தெய்வ இடம், உரிமையில்லாதவர் போகக்கூடாது. இரும்புக்கும் போருக்கும் தெய்வமான ஓகூனின் உடையே மாரிவோதான் என்பார்கள். நெடுஞ்சாலையில் ஒரு வண்டியின் முன்னால் மாரிவோ கட்டியிருந்தால் உள்ளே சடலம் போகிறது. ஒதுங்கி வழி விடுவார்கள். இது இன்றைக்கும் நடக்கிறது.

பதிவு 5 · பிட்டுக்கணக்கு

நல்ல தகவல்கள். ஆனால் நான் கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறேன். எனக்கு இது ஒரு குறியீட்டு முறை, அவ்வளவுதான். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் பொதுவான ஓர் அட்டவணை இருக்கிறது. கல் என்றால் நலம், கரி என்றால் இருள், இறகு என்றால் வேகம். அட்டவணை தெரிந்தால் யாரும் படிக்கலாம். ஆய்வாளர்கள் செய்ய வேண்டியது எல்லாப் பொருளையும் தொகுத்து ஓர் அகராதி போடுவதுதான். அதைச் செய்யாமல் "ஆழம், மர்மம்" என்று பேசிக்கொண்டிருந்தால் இது அழிந்துதான் போகும். தொகுப்பதை நான் மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை, அக்கறையோடுதான் சொல்கிறேன்.

பதிவு 6 · அகல்யா

பிட்டுக்கணக்கு, தொகுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அட்டவணையில் பாதி விஷயம் உட்காராது. ஏனென்றால் ஆரோக்கோவில் பெரும்பகுதி பொருளின் குணத்தை வைத்து நடப்பதில்லை, பெயரின் ஒலியை வைத்து நடக்கிறது.

எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஆறும் எட்டும். யொரூபாவில் ஆறுக்கு எஃபா. 'ஃபா' என்றால் இழு. ஓர் இளைஞன் தனக்குப் பிடித்த பெண்ணுக்கு ஆறு சோழி கோத்து அனுப்பினால், "என் மனசு உன் பக்கம் இழுக்கிறது". எட்டுக்கு எஜோ. 'ஜோ' என்றால் ஒத்திரு. அவள் எட்டு சோழி திருப்பி அனுப்பினால், "எனக்கும் அப்படியே". சோழியின் குணத்துக்கும் காதலுக்கும் இங்கே ஒரு தொடர்பும் இல்லை. சேதி முழுக்க எண்ணின் பெயரில் இருக்கிறது. அந்த மொழி தெரியாதவர் கையில் கிடைத்தால் ஆறு சோழி ஆறு சோழிதான்.

சீப்பும் அப்படித்தான். சீப்புக்கு ஓயா, 'யா' என்றால் பிரி. சீப்பு தலைமுடியை வகிர்ந்து பிரிக்கவும் செய்கிறது. பெயரும் வேலையும் ஒரே திசையில் காட்டுவதால், சீப்பு வந்தால் "நாம் பிரிவோம்".

இது சேதி அனுப்புவதற்கென்று தனியாகச் செய்த தந்திரமும் இல்லை. யொரூபா மந்திரங்களும் வாழ்த்துகளும் இதே வழியில்தான் ஓடுகின்றன. குழந்தைக்கு எட்டாம் நாள் பெயர் வைக்கும் சடங்கை வெயில்நகரம் பார்த்திருப்பார். அங்கே ஒரோக்போ என்கிற கசப்புக் கொட்டையை எடுத்து, 'க்போ' என்றால் முதிர்ந்து வாழ், ஆகவே நீ முதிர்ந்து வாழ்வாய் என்று வாழ்த்துவார்கள். பேச்சு, சடங்கு, சேதி மூன்றும் ஒரே பழக்கத்தில் ஊறியவை.

பதிவு 7 · வெயில்நகரம்

அகல்யா அக்கா சொல்வது சரி. பெயர் சூட்டுக்கு நண்பர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். தண்ணீர், உப்பு, தேன், பனை எண்ணெய், கோலாக் கொட்டை, ஒரோக்போ, அடாரே என்ற காரமான விதைக்காய் எல்லாம் தட்டில் வரிசையாக இருக்கும். மூத்தவர் ஒவ்வொன்றாக எடுத்து அர்த்தம் சொல்லிக் குழந்தையின் நாவில் துளி வைப்பார். அப்புறம் அது கூடியிருக்கிறவர்களிடம் சுற்றி வரும். அடாரேயில் ஒரு தோலுக்குள் ஏகப்பட்ட விதை, அதனால் நிறையப் பிள்ளைகள். அங்கே வளரும் குழந்தைகள் வருஷத்துக்குப் பல தடவை இதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். அட்டவணையை யாரும் அவர்களுக்குத் தனியாகக் கற்றுக்கொடுப்பதில்லை.

பதிவு 8 · பிட்டுக்கணக்கு

ஒலியை வைத்து ஓடுகிறது என்றால் என் கட்சிக்குத்தான் பலம் கூடுகிறது, அகல்யா. ஒரு பொருளின் படத்தைப் போட்டு, அதே ஒலியுள்ள இன்னொரு சொல்லைக் குறிப்பதுதான் எகிப்திலும் சுமேரியாவிலும் எழுத்தாக மாறிய படி. யொரூபாக்கள் அந்தப் படி வரைக்கும் வந்துவிட்டார்கள். அப்படியானால் 'எழுத்துக்கு முந்தையது' என்று சொல்வதில் என்ன தப்பு?

பதிவு 9 · கரிசல்மண்

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்லாமல் ஒரு வரலாற்றுச் சம்பவத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலாஃபின் தெய்வத்துக்கு நிகரானவர். அவர் முகத்துக்கு நேரே "நீங்கள் ஆண்டது போதும்" என்று சொல்ல எந்த மனிதனுக்கும் வாய் வராது, வரவும் கூடாது. ஆனால் அரசர் வரம்பு மீறினால் தடுக்கவும் வழி வேண்டும். அதற்காக ஓயோ மேசி என்று ஏழு பெருந்தலைவர்கள் கொண்ட ஒரு சபை இருந்தது. அதன் தலைவர் பாஷோருன். அரசரை இனி ஏற்க முடியாது என்று முடிவானால், அவருக்குக் காலிச் சுரைக்குடுக்கையோ கிளி முட்டைகளோ போய்ச் சேரும். அதைப் பார்த்த அரசர் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டவர் அவோலே. தன் தளபதிகளையே அழிக்கத் திட்டம் போட்டார் என்று படை அவர்மேல் கொதித்துப்போனது. இலோரினில் இருந்த தலைமைத் தளபதி அஃபோன்ஜாவும் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். படை தலைநகருக்குத் திரும்பி வந்தது. மூடிபோட்ட காலிச் சுரைக்குடுக்கை ஒன்று அரண்மனைக்குள் போனது. அவர் தலையைக் கேட்டு!

யொரூபா பாதிரியார் சாமுவேல் ஜான்சன் எழுதி 1921-ல் அச்சான யொரூபா வரலாற்றில் இதற்குப் பிறகு வரும் காட்சி இருக்கிறதே, அதை நான் எத்தனை தடவை படித்தாலும் மனசு அடங்குவதில்லை. அவோலே சாவதற்கு முன் முற்றத்துக்கு வந்து வெவ்வேறு திசைகளில் அம்பு எய்தார். என்னை ஏமாற்றியவர்களின் பிள்ளைகள் இந்த அம்பு போன திசையெல்லாம் அடிமைகளாகக் கொண்டுபோகப்படட்டும் என்று சபித்தார். பிறகு ஒரு மண்தட்டை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தார். உடைந்த சுரைக்குடுக்கையைத் தைத்துவிடலாம், உடைந்த மண்தட்டை ஒட்டவைக்க முடியாது, என் சொல்லும் அப்படி மாற்ற முடியாததாக இருக்கட்டும் என்றார்.

அவர்கள் சுரைக்குடுக்கையால் பேசினார்கள். அவர் மண்தட்டால் பதில் சொன்னார். கேள்விக்கும் பதிலுக்கும் பாத்திரமே மொழி.

பிட்டுக்கணக்கு, இந்தச் சேதியை எழுத்தில் அனுப்பியிருக்க முடியுமா? எழுதினால் எழுதிய கை ஒன்று இருக்கும், 'நான்' என்றோ 'நாங்கள்' என்றோ தொடங்க வேண்டியிருக்கும். சுரைக்குடுக்கையில் பேசுகிறவர் இல்லை. அரசரை யாரும் அவமதிக்கவில்லை, யாரும் அவரிடம் சாகச் சொல்லவும் இல்லை. மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்து, அதன் அர்த்தத்தைத் தன் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறவர் அவரேதான். நாவு சொல்லக்கூடாததைச் சொல்வதற்கு அவர்களிடம் இருந்த வழி ஆரோக்கோ. இதை எழுத்துக்கு ஏறும் ஏணியில் ஒரு படி என்று வைத்தால் இந்த வேலை முழுக்க நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

பதிவு 10 · மேற்குமலை

படிக்கும்போதே சிலிர்க்கிறது. இதே ஜான்சன் எழுதிய இஜாயே போர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1859-ல் அலாஃபின் அட்டிபா இறந்ததும் மகன் அடேலு பட்டத்துக்கு வந்தார். பழைய வழக்கப்படி மூத்த மகன் தந்தையோடு சாக வேண்டும், ஆகவே இவரை அரசராக ஏற்க மாட்டேன் என்று நின்றவர் இஜாயேயின் தலைவர் குருன்மி. அமைதிக்கு ஒன்றும் போருக்கு ஒன்றுமாக இரண்டு அடையாளப் பொருள்கள் அவர் முன்னால் வைக்கப்பட்டன. குருன்மி போருக்கானதை எடுத்தார். 1862-ல் இஜாயே நகரம் அழிந்தது.

இதில் என்னை யோசிக்க வைப்பது அந்த 'எடுத்தார்' என்பதுதான். சேதி வந்தது, பதில் சொன்னார் என்பதோடு முடியவில்லை. கையை நீட்டி ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. சபையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று பின்வாங்க இடமே இல்லை.

பதிவு 11 · யாழ்க்கடல்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சோழி, சோழி என்று சொல்கிறீர்கள், அந்தச் சோழி எங்கிருந்து அங்கே போனது என்பதையும் ஒருக்கால் பார்க்க வேணும்.

மேற்கு ஆபிரிக்காவில் காசாகப் புழங்கிய சிறிய வெண்சோழி மாலைத்தீவுக் கடலில் விளைந்தது. முதலில் அரபு வணிகர் வழியாகப் பாலைவனம் தாண்டிப் போனது. இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டில் மாலைத்தீவில் நீதிபதியாக இருந்தவர், இலங்கைக்கும் மதுரைக்கும் வந்தவர். பிறகு அவர் நைஜர் ஆற்றங்கரைக்குப் போனபோது அதே சோழி அங்கே 1,150க்கு ஒரு பொன் தினார் என்று மாறுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஒல்லாந்தர் மாலைத்தீவுச் சோழியை இலங்கையில் வாங்கிச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது கினி கடற்கரைக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்து வாங்கியவற்றில் மனிதர்களும் அடக்கம்.

எங்கள் கரைகளைத் தொட்டுப்போன சோழி ஒன்று இபடானிலோ இஜெபுவிலோ ஒரு பெண்ணுக்குக் காதல் சேதியாகப் போயிருக்கலாம். அதே சரக்கில் வந்த இன்னொன்றுக்கு யாரோ ஒருவருடைய பிள்ளை விலைபோயிருக்கலாம். இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேணும் என்று எனக்குப் படுகிறது.

பதிவு 12 · நெய்தலவன்

யாழ்க்கடல் அண்ணா, இது எனக்குப் புதுசு. நன்றி. கூடவே ஒரு கேள்வி. சோழி காசாகவும் இருந்தது, சேதியாகவும் இருந்தது. குழப்பம் வராதா?

பதிவு 13 · கரிசல்மண்

காசுக்கு உறுதியான கணக்கு இருந்தது. 40 சோழி ஒரு சரம், ஐந்து சரம் ஒரு கொத்து, பத்துக் கொத்து அதாவது 2,000 சோழி ஒரு தலை, பத்துத் தலை ஒரு மூட்டை. 20,000 சோழி கொண்ட அந்த மூட்டை ஒரு ஆள் தலைச்சுமை. விலை கொடுக்கிறவர் ஆறு சோழியைத் தனியாகக் கோத்து, திசை பார்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். சின்ன எண்ணிக்கை, கட்டிய விதம், முகமா முதுகா என்பது, இவற்றைப் பார்த்ததுமே "இது காசு இல்லை" என்று தெரிந்துவிடும்.

பதிவு 14 · அரும்பொருள்

அருங்காட்சியகத் துறையில் இருப்பதால் ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறேன். கோல்மருக்கு இரண்டு வருஷம் கழித்து, 1887-ல், அதே இதழில் பிளாக்ஸம் என்பவர் இஜெபு என்ற யொரூபா அரசின் ஆரோக்கோக்களைக் காட்டி ஒரு குறிப்பு வெளியிட்டார். அவற்றுக்கு விளக்கம் தந்தவர் ஓட்டுன்பா பெய்ன், லாகோஸ் உச்ச நீதிமன்றத்தின் பதிவாளர், இஜெபு அரச வழியில் வந்தவர். அவர் இல்லையென்றால் அந்தப் பொருள்கள் வெறும் சோழிச் சரங்களாகத்தான் லண்டனில் கிடந்திருக்கும்.

அதில் ஒன்று இஜெபு அரசரான அவுஜாலே லாகோஸ் அரசருக்கு அனுப்பிய சமாதானச் சேதி. 1851 டிசம்பரில் ஆங்கிலேயக் கப்பல்கள் லாகோஸைக் குண்டு வீசித் தாக்கி, அரசர் கொசோகோவைத் துரத்திவிட்டு அகிட்டோயேவை அரியணையில் உட்காரவைத்தன. அதற்குப் பிறகு போனது இந்த ஆரோக்கோ. இணை இணையாக முகம் பார்த்த எட்டுச் சோழிகள். கூடவே ஆயோ விதைகள். ஆயோ என்பது நம் பல்லாங்குழி மாதிரி குழியில் விதை போட்டு ஆடும் ஆட்டம். எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிறவர்கள் மாதிரி நாம் நெருங்கியிருப்போம் என்பது கருத்து.

ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்துக்கு அனுப்பிய ராஜதந்திர ஆவணம் இது. ஆனால் காட்சிப் பெட்டிகளில் இந்த மாதிரிப் பொருள்கள் பெரும்பாலும் 'பழங்குடிக் கைவினை' வரிசையில்தான் உட்காரும். அதே சமயத்தில் அதே லாகோஸில் கையெழுத்தான ஒப்பந்தத் தாள் ஆவணக் காப்பகத்துக்குப் போகும். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டியவை. இன்னொரு கவலையும் உண்டு. சரம் அறுந்து சோழிகள் உதிர்ந்துவிட்டால் எது எதைப் பார்த்திருந்தது என்பது போய்விடும். அதோடு சேதியும் போயிற்று. பாதுகாக்கிறவர்கள் முடிச்சைத்தான் முதலில் பாதுகாக்க வேண்டும்.

பதிவு 15 · அகல்யா

அரும்பொருள் சொன்ன முடிச்சு விஷயம் முக்கியமானது. பிட்டுக்கணக்கின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

எழுத்து வராததால்தான் ஆரோக்கோ என்றால், எழுத்து வந்ததும் அது நின்றிருக்க வேண்டும். காலத்தைப் பாருங்கள். இலோரின் போன்ற ஊர்களில் முஸ்லிம் அறிஞர்கள் யொரூபாவை அரபு எழுத்தில் எழுதினார்கள். யொரூபா பாதிரியார் அஜாயி குரௌதரின் யொரூபாச் சொற்தொகுதி 1843-ல் அச்சானது. 1859-ல் அபெயோகுட்டாவிலேயே யொரூபா மொழியில் இவே இரோகின் என்ற செய்தித்தாள் வந்தது. கோல்மரும் பெய்னும் ஆரோக்கோவை விளக்கிக்கொண்டிருந்தபோது இவ்வளவும் நடந்து முடிந்திருந்தது. பக்கத்துத் தெருவில் செய்தித்தாள் அச்சாகும் ஊரிலும், சோழியைக் கட்டி அனுப்புவது நின்றுவிடவில்லை. இரண்டுக்கும் வேலை வேறு.

மேளத்தையும் இங்கே நினைக்கலாம். யொரூபா மூன்று சுரநிலை கொண்ட மொழி. டுண்டுன் என்கிற பேசும் மேளம் அந்த ஏற்ற இறக்கத்தையே வாசித்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி வாழ்த்தும், கூப்பிடும், எச்சரிக்கும். ஊருக்கே சொல்ல வேண்டியதற்கு மேளம், ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியதற்கு ஆரோக்கோ. இப்படிப் பல வழிகளை ஒரே சமூகம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது.

பதிவு 16 · பிட்டுக்கணக்கு

'படி' என்ற என் வாதத்தை இதற்கு மேல் நீட்ட மாட்டேன், தேதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. ஆனால் தொகுக்க வேண்டும் என்பதை விடுவதாக இல்லை. எப்படித் தொகுப்பது என்பதுதான் இனி என் கேள்வி. பொருள், எண்ணிக்கை, திசை, முடிச்சு, அந்தப் பொருளின் பெயரில் உள்ள ஒலி, அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் என்ன உறவு, எந்தச் சமயத்தில் போனது. இத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு பதிவு. உதாரணத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிற தேனும் பகையாளிக்குப் போகிற தேனும் ஒரே வரியில் வரக்கூடாது. சரிதானா?

பதிவு 17 · வெயில்நகரம்

சரிதான், ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அனுப்ப யாருக்கு உரிமை. ஓக்போனி என்ற மூத்தோர் சபைக்கு எடான் என்று ஒரு பித்தளைச் சின்னம் உண்டு. ஆண் உருவம் ஒன்று, பெண் உருவம் ஒன்று, இரண்டின் தலையையும் ஒரு சங்கிலி இணைத்திருக்கும். அது ஒருவர் வீட்டுக்கு வந்தால் சபை அழைக்கிறது, போயே ஆக வேண்டும். அதையே வேறு யாரும் செய்து அனுப்பிவிட முடியாது. சோழியை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், எடானை முடியாது. உங்கள் பட்டியலில் இதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

பதிவு 18 · பூவரசு

இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு ஆப்பிரிக்கா பற்றிச் சொல்லும்போது பாலைவனம், காடு, அடிமை வணிகம் இவற்றோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்த மக்கள் என்ன யோசித்தார்கள், எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதே வருவதில்லை. ஆரோக்கோவை வகுப்பில் செய்துகாட்ட ஆசையாக இருக்கிறது. எதில் தொடங்கலாம்? சுரைக்குடுக்கைக் கதை அந்த வயதுக்குக் கனமாக இருக்குமோ என்று தயக்கம்.

பதிவு 19 · அகல்யா

சுரைக்குடுக்கை வேண்டாம், டீச்சர். ஆறு, எட்டு சோழியும் யொரூபா ஒலி தெரியாமல் பாதிதான் போய்ச் சேரும். ஆலே நன்றாக எடுபடும் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் உள்ள சாபத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் 'தொடாதே' பலகை ஆகிவிடும்.

பதிவு 20 · கரிசல்மண்

என்னைக் கேட்டால் அந்தக் கைதியின் சேதியில் தொடங்குங்கள், பூவரசு. கல், கரி, மிளகாய், வறுத்த சோளம், கந்தல். எல்லாம் கையில் கிடைக்கிற பொருள்கள். மேசைமேல் அந்த வரிசையிலேயே வையுங்கள். டஹோமே எங்கே, அபெயோகுட்டா எங்கே என்று வரைபடத்தில் காட்டுங்கள். அனுப்பியவர் சிறையில் இருக்கிறார், பெறுகிறவர் அவர் மனைவி, இதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு அர்த்தத்தைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். மிளகாய்க்குக் கோபம் என்று சிலர் சொல்வார்கள், அழுகை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்று பேசவிட்ட பிறகு கோல்மர் எழுதியதைச் சொல்லுங்கள்.

பதில் ஆரோக்கோ ஒன்றை அவர்களையே கட்டச் சொல்லலாம், மனைவி திருப்பி என்ன அனுப்புவாள் என்று. அதை மட்டும் "யொரூபாக்களுடையது" என்று சொல்லாமல் "நாங்கள் யோசித்தது" என்று தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் என்ன கட்டினார்கள் என்று இங்கே வந்து எழுத முடியுமா?